தமிழில் முதல் வலைப்பக்கம்: எச்டிஎம்எல் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கல்லூரிப் பாடத்துக்காகவோ குடும்பக் கடைக்காகவோ வலைப்பக்கம் செய்ய முனையும் பலர், தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாக உடைந்து நிற்பதைக் கண்டதும் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். சந்தூரில் மாங்கன்று விற்கும் உறவினர் ஒருவருக்குப் பக்கம் அமைப்பதற்காக வலைப்பக்கம் எழுதுவதற்கான மொழியான எச்டிஎம்எல்லை நான் கற்றபோது, கிடைத்த குறிப்புகள் எல்லாம் ஆங்கிலப் பக்கத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தன. எச்டிஎம்எல்லுக்கான விதித்தொகுப்பான தரநிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்ட குறிச்சொற்களையும் அவற்றுள் பல, இன்றும் நடைமுறையில் உள்ளவைபோலக் கற்பித்தன. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறிவதற்கே பெரும்பொழுது போயிற்று. அந்தப் பொழுது உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

குறிச்சொல் என்பது < > என்ற கோண அடைப்புக்குள் எழுதப்படும் சொல்; பக்கத்தின் ஒரு பகுதி என்ன என்று உலாவிக்கு (குரோம் போன்ற, வலைப்பக்கம் பார்க்கும் மென்பொருளுக்கு) அது சொல்லும். குறிச்சொற்களின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் உலாவி அவற்றைக் குறிச்சொல்லாக ஏற்காமல், வெறும் உரையாகவே திரையில் காட்டிவிடும்.

1. தொடங்கும் முன் ஆயத்தம் செய்ய வேண்டியவை

கணினி பழையதாக இருந்தாலும் போதும். எழுதுவதற்கு விண்டோஸிலேயே உள்ள நோட்பேட் போதுமானது என்றாலும், விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்வதையே பரிந்துரைப்பேன். திறந்த குறிச்சொல்லுக்கு மூடும் குறிச்சொல்லை அது தானே எழுதித் தரும். குறிச்சொல்லையும் உரையையும் வேறு வேறு நிறத்தில் காட்டுவதால் விடுபட்ட மேற்கோள்குறி உடனே கண்ணில் படும். எம்எஸ் வேர்டில் எச்டிஎம்எல் எழுத வேண்டாம். அது நேரான மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடும். வளைந்த குறியை உலாவி மேற்கோளாக எடுத்துக்கொள்ளாது. வாட்ஸ்அப் செய்தியிலிருந்து ஒட்டும் நிரல் வரிகளிலும் இதே சிக்கல் வரலாம்.

மென்பொருளைவிட முக்கியமானது பக்கத்தில் இடம்பெற வேண்டிய உள்ளடக்கம். மாங்கன்றுப் பண்ணைக்கான பக்கம் என்றால், கன்று வகைகளின் பட்டியல், விலை, பண்ணைக்கு வரும் வழி, தொலைபேசி எண், நீங்களே எடுத்த நான்கைந்து படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் முதலில் சேர்த்துவிடுங்கள். உள்ளடக்கம் கையில் இல்லாமல் குறிச்சொல்லை மட்டும் பழகுவோர் எதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. கோப்புக்குப் பெயரிட்டுச் சேமித்தல்

முகப்புப் பக்கத்தின் கோப்புப் பெயர் இண்டெக்ஸ், அதன் பின்னொட்டு எச்டிஎம்எல். இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளி. முகவரியை மட்டும் தட்டச்சு செய்து வருவோருக்கு, பக்கத்தை இணையத்தில் வைத்திருந்து அனுப்பும் கணினிகளான சேவையகங்களுள் பெரும்பாலானவை இந்தப் பெயருள்ள கோப்பையே முதலில் காட்டும் என்பதால் வேறு பெயர் வைக்க வேண்டாம்.

விண்டோஸ் கணினி கோப்பின் பின்னொட்டை மறைத்தே காட்டுவது வழக்கம். நோட்பேடில் சேமிக்கும்போது அது தானாக டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டையும் சேர்த்துவிட்டால், கோப்பை இருமுறை சொடுக்கும்போது உலாவிக்குப் பதிலாக நோட்பேடே மீண்டும் திறக்கும். இதைத் தவிர்க்க, சேமிக்கும் பெட்டியில் கோப்பு வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புறையின் பார்வை அமைப்பில் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வையும் இயக்கிவிடுங்கள்.

எல்லாக் கோப்புப் பெயர்களும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கருதும். பக்கம் போய்ச் சேரும் லினக்ஸ் சேவையகமோ இரண்டையும் வேறு வேறு பெயராகக் கருதும். வீட்டுக் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கவும் முடியும்; ஆனால் முகவரியை நகலெடுத்துப் பகிரும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ('மா' என்றால் மகரமும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள்) விழுக்காட்டுக் குறிகள் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரிந்து, படிக்க முடியாத நீளத்துக்குப் போய்விடும்.

3. பக்கத்தின் சட்டகம்

முதல் வரியில், இது எச்டிஎம்எல் பக்கம் என்று உலாவிக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு வர வேண்டும். அது இல்லையென்றால் உலாவி மிகப் பழைய பக்கங்களுக்கான நடத்தைக்கு மாறி, அளவுகளை வேறு விதமாகக் கணக்கிடும். அதன்பின் எச்டிஎம்எல் என்ற உறுப்பு. அதற்குள் ஹெட், பாடி என்ற இரண்டு உறுப்புகள். ஹெட் பகுதியில் உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்ல வேண்டியவை இருக்கும்; பார்வையாளர் கண்ணில் படுவன எல்லாம் பாடிக்குள் இருக்கும்.

உறுப்பு என்பது திறக்கும் குறிச்சொல், இடையிலுள்ள உள்ளடக்கம், மூடும் குறிச்சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூடும் குறிச்சொல்லில் பெயருக்கு முன் சாய்கோடு வரும். ஓர் உறுப்புக்குள் இன்னொன்றைத் திறந்தால், உள்ளே திறந்ததை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே உள்ளதை மூட வேண்டும். படம், வரி முறிப்பு, உள்ளீட்டுப் பெட்டி, மெட்டா போன்ற சிலவற்றுக்கு உள்ளடக்கமே இல்லாததால் மூடும் குறிச்சொல்லும் கிடையாது. திறக்கும் குறிச்சொல்லுக்குள் பெயரையடுத்து எழுதப்படும் கூடுதல் விவரங்கள் பண்புகள் எனப்படும். பண்பின் பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு என்பது அவற்றின் வடிவம்.

ஹெட் பகுதியில் மூன்றை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, குறியாக்கத்தை, அதாவது எழுத்துகள் கோப்பில் எந்த முறையில் எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ளன என்பதை, அறிவிக்கும் மெட்டா. இரண்டு, வியூபோர்ட் மெட்டா. இது இல்லாத பக்கத்தைக் கைப்பேசி, கணினித் திரையின் அகலத்தில் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். நம் ஊர்களில் பக்கத்தைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் கைப்பேசியிலேயே வருவார்கள் என்பதால் இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். மூன்று, டைட்டில். 'முகப்பு' என்று மட்டும் எழுதாமல், 'மாங்கன்று விற்பனை, சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்' என்பதுபோல் எழுதுங்கள். தேடல் முடிவுகளில் பெரும்பாலும் அந்த வரியே தலைப்பாக வரும்.

4. தமிழ் எழுத்து உடையாமல் காத்தல்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடும். நமக்கோ பக்கம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்கெனத் தனி இடம் உண்டு. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக எழுதப்படும். அந்தப் பைட்டுகளை வேறு குறியாக்கம் என்று உலாவி எண்ணிப் படித்தால், 'மா' என்ற ஓரெழுத்து, தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் வரிசையாகத் தெரியும். ஆகவே இரண்டு இடங்களில் யுடிஎஃப்-8 இருக்க வேண்டும்: கோப்பைச் சேமிக்கும்போது ஒன்று, ஹெட் பகுதியின் சார்செட் அறிவிப்பில் மற்றொன்று. அந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1,024 பைட்டுக்குள் முழுமையாக வந்துவிட வேண்டும் என்பது தரநிலையின் விதி. தமிழ்த் தலைப்பும் விளக்கமும் பைட்டுகளை விரைவாக நிரப்பிவிடும் என்பதால், சார்செட் வரியை ஹெட் தொடங்கியதும் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். விண்டோஸ் 10 இன் 2019 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யுடிஎஃப்-8 இல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் 'ஆன்சி' என்ற பழைய குறியாக்கம் தேர்வாக இருந்தால் அதை நீங்களே மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. விலைப்பட்டியலையோ துண்டறிக்கையையோ அச்சகத்திலோ டிடிபி கடையிலோ வாங்கி ஒட்டுவோர் பலர். அங்கே பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அந்தக் கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழ் உருவத்தில் வரைந்து காட்டுகிறது. அதை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தேடுபொறியும் அதைத் தமிழென்று அறியாது. சார்செட் வரியை எத்தனை முறை திருத்தினாலும் இது சரியாகாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் சரிபார்த்த பிறகே ஒட்ட வேண்டும். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்குமானால், அதைப் புதிதாக யூனிகோடில் தட்டச்சு செய்துவிடுவதே விரைவானது என்பது என் கருத்து.

அடுத்தது மொழி அறிவிப்பு. எச்டிஎம்எல் உறுப்பில் லாங் என்ற பண்புக்குத் தமிழ் என்று சொல்லும் 'டி, ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை மதிப்பாகத் தர வேண்டும். தமிழ்நாட்டை நினைத்து 'டி, என்' என்று எழுதினால் அது தென்னாப்பிரிக்கப் பகுதியில் பேசப்படும் செட்சுவானா மொழியைக் குறிக்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எந்த மொழியின் ஒலிப்பில் படிப்பது என்பதை இந்தப் பண்பைக் கொண்டே தீர்மானிக்கின்றன. அதில் ஆங்கிலம் என்று எழுதிவைத்துவிட்டால், தமிழ்ப் பக்கம் அவர்களுக்குப் பயன்படாமலே போகலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கடைகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வழக்கம் உங்கள் பக்கத்திலும் தேவைப்பட்டால், முழுப் பக்கத்துக்கும் தமிழ் என்று அறிவித்துவிட்டு, தெலுங்குப் பத்தியின் குறிச்சொல்லில் மட்டும் லாங் பண்புக்கு 'டி, இ' என்றும், கன்னடப் பத்தியில் 'கே, என்' என்றும் தனியே குறியுங்கள். யுடிஎஃப்-8 இல் இம்மூன்று எழுத்துமுறைகளும் ஒரே கோப்பில் இடையூறின்றி இருக்கும்.

5. எது என்ன என்று குறித்தல்

எச்டிஎம்எல்லின் வேலை, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பகுதியும் என்ன என்று சொல்வது. அது எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்வது சிஎஸ்எஸ் என்ற மற்றொரு மொழியின் வேலை. இந்தப் பிரிவை முதல் நாளிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தோன்றவே மாட்டா.

தலைப்புகளுக்கு எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைகள் உள்ளன. எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு ஓர் எச்1. 'கன்று வகைகள்', 'பண்ணைக்கு வரும் வழி' போன்றவற்றுக்கு எச்2. கன்று வகைகளுக்குள் அல்போன்சா, பெங்களூரா, செந்தூரா என்று தனித்தனியே விளக்கினால் அவற்றுக்கு எச்3. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தலைப்புகளைத் தாவித்தாவியே பக்கத்தைப் புரிந்துகொள்வதால், இடையில் ஒரு நிலையைத் தவிர்க்காமல் இறங்குவது நல்லது.

பத்திக்குரிய குறிச்சொல், பாராகிராஃப் என்ற சொல்லின் முதலெழுத்து. இதில் ஒரு நுட்பம் உண்டு: பத்திக்குள் பட்டியலையோ அட்டவணையையோ வைக்க இயலாது. வைத்தால், பட்டியல் தொடங்கும் இடத்திலேயே உலாவி பத்தியை மூடிவிடும்; பின்னால் நீங்கள் எழுதிய மூடும் குறிச்சொல் வெற்றுப் பத்தி ஒன்றை உண்டாக்கும். காரணமின்றி இடைவெளி விழுகிறதே என்று சிஎஸ்எஸ்ஸில் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். பத்திகளுக்கு இடையே இடம் விடுவதற்காக வரி முறிப்புக் குறிச்சொல்லை அடுக்கடுக்காக எழுதுவதும் தவறான பழக்கம். அது முகவரியைப் போல, வரி முறிவே பொருளின் பகுதியாக இருக்கும் இடத்துக்கு உரியது.

வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கு யுஎல், வரிசை முக்கியமான பட்டியலுக்கு ஓஎல், இரண்டிலும் ஒவ்வோர் உருப்படிக்கும் எல்ஐ. கன்று நடும் முறையை எழுதினால் ஓஎல். கிடைக்கும் வகைகளை எழுதினால் யுஎல்.

விலைப்பட்டியலுக்கு அட்டவணையே தக்கது. டேபிள் என்ற உறுப்புக்குள் வரிசை ஒவ்வொன்றும் டிஆர். தலைப்புக் கட்டங்கள் டிஎச். மற்றக் கட்டங்கள் டிடி. 'வகை', 'கன்றின் வயது', 'விலை' ஆகிய தலைப்புக் கட்டங்களை டிடியில் எழுதித் தடிப்பாக்கினாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்ற தொடர்பு அதில் இருக்காது. பக்கத்தை இடம், வலம் எனப் பிரிப்பதற்கு அட்டவணையைப் பயன்படுத்தும் பழைய முறையை அறவே விட்டுவிடுங்கள். அதே போல், ஃபாண்ட், சென்டர், மார்க்கீ, ஃபிரேம் ஆகிய பழைய குறிச்சொற்களைக் கற்பிக்கும் குறிப்பு உங்கள் கையில் இருந்தால் அந்தக் குறிப்பையே மாற்றிக்கொள்வது நல்லது. இவை இன்றும் உலாவியில் ஓடக்கூடும். தரநிலையோ இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஐயம் வந்தால் பார்ப்பதற்கு எம்டிஎன் என்ற இலவச ஆவணத் தளமே போதும்.

6. இணைப்பும் படமும்

இணைப்புக்கு ஏ என்ற ஓரெழுத்துக் குறிச்சொல். போக வேண்டிய முகவரி எச்ரெஃப் பண்பில் வரும். வெளித்தளத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ் என்ற தொடக்கத்தோடு முழுமையாக எழுதாவிட்டால், உலாவி அதை உங்கள் கோப்புறைக்குள் தேடும். தொலைபேசி எண்ணை வெறுமனே எழுதாமல், டெல் என்று தொடங்கி, முக்காற்புள்ளி இட்டு, +91 சேர்த்த எண்ணுக்கு இணைப்பாக்குங்கள்; கைப்பேசியில் தொட்டதும் அழைப்புத் திரைக்குப் போகும். 'இங்கே சொடுக்கவும்' என்பதைவிட 'விலைப்பட்டியலைப் பார்க்க' என்று எழுதுவதே எல்லோருக்கும் உதவும்.

படத்துக்கு ஐஎம்ஜி. எஸ்ஆர்சி பண்பில் சி டிரைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை ஒட்டுவது மிகப் பரவலான தவறு. அந்தப் பாதை உங்கள் கணினிக்கு வெளியே யாருக்கும் பொருந்தாது. பக்கக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதையைத் தொடங்குங்கள். பின்சாய்கோடு வேண்டாம், முன்சாய்கோடு மட்டும். படம் தெரியாதபோது அதற்கு ஈடாக வரும் ஆல்ட் பண்பில், படத்தில் இருப்பதைத் தமிழில் ஒரு சொற்றொடராக எழுதுங்கள். கைப்பேசிப் படம் ஒன்றே பல மெகாபைட் இருக்கும் என்பதால், அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பயன்படுத்துங்கள். பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கத்தில் சிக்னல் மெலிந்த இடத்தில் நின்று பார்ப்பவரையும் கணக்கில் வைக்க வேண்டும். அகலம், உயரம் இரண்டையும் பண்பாகக் குறித்தால், படம் வந்து சேரும்போது உரை மேலும் கீழும் குதிக்காது.

7. படிவம்

படிவத்தைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. எச்டிஎம்எல் படிவம் தகவலை வாங்கும். அதைப் பெற்று வைக்கவோ உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பவோ சேவையகத்தில் தனி நிரல் தேவை. அது இல்லாமல் பொத்தானை மட்டும் வைத்தால், வாடிக்கையாளர் செய்தி போய்விட்டதாக நம்பிக் காத்திருப்பார். அதுவரை தொலைபேசி இணைப்போ கூகுள் படிவத்துக்கான இணைப்போ போதும். பழகிப் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உள்ளீட்டுப் பெட்டிக்கு நேம் பண்பு இல்லையென்றால் அதில் தட்டச்சு செய்தது அனுப்பப்படாது, ஐடி பண்பு அதற்கு ஈடாகாது.

8. சரிபார்த்தல்

உலாவி எந்தத் தவறையும் உங்களிடம் சொல்லாது. மூடாத குறிச்சொல்லைத் தானே மூடி, தவறான இடத்தில் உள்ளதை நகர்த்தி, எப்படியாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். எனவே 'நன்றாகத்தானே தெரிகிறது' என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். வலைத் தரநிலைகளுக்கான அமைப்பான டபிள்யூ3சியின் இலவசச் சரிபார்ப்பானில் உங்கள் கோப்பை ஏற்றினால் தவறுகளை வரி எண்ணோடு தரும். பட்டியல் நீளமாக வந்தாலும் அஞ்ச வேண்டாம். முதல் தவறைத் திருத்தி மீண்டும் ஏற்றுங்கள், அதனால் விளைந்த மற்றவையும் உடன் மறைந்துவிடும்.

உலாவியில் 'இன்ஸ்பெக்ட்' என்று திறந்தால் தெரிவது, உலாவி தானே சீர்செய்துகொண்ட வடிவம். நீங்கள் எழுதியதை உள்ளபடி பார்க்க 'வியூ பேஜ் சோர்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே தவறு கண்டுபிடிக்கும் சிறந்த பயிற்சி.

9. வெளியிடுதல்: செலவு, ஆவணம், காலம்

கற்றுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வலைப்பக்கத்தை இலவசமாக இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் கணக்கு தொடங்க மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். கோப்புகளை ஏற்றிய பின் பக்கம் தெரியப் பத்து நிமிடம் வரை ஆகலாம். இலவசக் கணக்கில் உங்கள் கோப்புறை பொதுவெளியில் இருக்கும் என்பதால், ஆதார் நகல், வாடிக்கையாளர் எண்கள் போன்றவற்றை அதே கோப்புறையில் வைத்துவிடாதீர்கள். இணைய வணிகத்தை நடத்துவதற்கான இலவச இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் விதி; கடைக்கான பக்கத்துக்கு வேறு ஹோஸ்டிங் (பக்கத்தை வைக்கும் சேவையக இடம்) பாருங்கள்.

சொந்த டொமைன் பெயருக்கு (உங்கள் தளத்துக்கே உரிய இணைய முகவரிக்கு), பின்னொட்டைப் பொறுத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல், புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பெயர், முகவரி, மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவை உண்மையாக இருக்க வேண்டும். டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான பதிவாளர் அடையாளச் சான்றும் கேட்கலாம். டாட் காம் போன்ற பெயர்களுக்கு வரும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலை 15 நாட்களுக்குள் முடிக்காவிட்டால் முகவரி நிறுத்திவைக்கப்படும். பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் திறப்பதற்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது; அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்டால், இலவசமாகத் தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

உறவினருக்கோ நண்பருக்கோ செய்து தருகிறீர்கள் என்றால், டொமைனை அவருடைய பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். செய்து கொடுத்தவரின் கணக்கில் இருக்கும் முகவரி, அவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன பிறகு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாவது இங்கே அரிதான செய்தி அன்று.

புதிய முகவரி எல்லா இடங்களிலும் திறக்க 48 மணி நேரம் வரை ஆகலாம். தேடுபொறியில் இடம்பெற நாட்களோ வாரங்களோ ஆகும். ஆனி, ஆடி மழையை ஒட்டிக் கன்று வாங்க வருவோருக்கு உங்கள் பக்கம் கண்ணில் பட வேண்டுமானால், பங்குனிக்குள் வெளியிட்டுவிடுங்கள். திருத்திய பிறகும் பழைய பக்கமே தெரிந்தால், கண்ட்ரோலையும் எஃப்5 ஐயும் சேர்த்து அழுத்திப் புதிதாக ஏற்றுங்கள். அதன்பின் வேறொருவருடைய கைப்பேசியில், அவருடைய இணையத்திலேயே திறந்து, தமிழும் விலையும் தொலைபேசி இணைப்பும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.